உயிரோடு என்ற சொல்

நேற்றுக் காலை சந்தையிலிருந்து நடந்து வரும்போது, ஒரு வேலி ஓரத்தில் பனம்பழம் விழுந்து வெடித்துக் கிடந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். உம்முடைய சீலைகளின் மணம் அது.

போரில் சவர்க்காரம் கிடைக்காத அந்த வருடங்களில் நாங்கள் எல்லோரும் பனங்களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயும் சீலையை மாடு வந்து சப்பும். என்னுடையவற்றை நாலு வாளித் தண்ணீரில் அலசினால் மணம் போய்விடும். உம்முடையவற்றில் மட்டும் அது நிற்கும். சங்கக் கூட்டத்துக்கு நீர் வருவது வேலிப் படலையடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உம்மை நான் ஒருபோதும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு கிடைத்த சிநேகிதம். ‘நீர்’ என்று தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. நீர் போய் இத்தனை வருடங்களுக்குப் பிறகு எழுதும் இதிலும் அதை மாற்ற மனம் வரவில்லை.

நாங்கள் சந்தித்ததே அந்தச் சங்கத்தில்தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ரியூட்டரிக் கொட்டில். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே வகுப்பு இல்லை. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன சமன்பாடு இருக்கும். அதற்குக் கீழே பதினொரு எழுத்தாளர்கள் வாங்குகளில் உட்கார்ந்திருப்போம். தலைவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் நின்று, தண்டவாளமும் கழன்று பங்கர்களுக்கு மூடியாகப் போயிருந்தது. மாஸ்டர் மட்டும் கூட்டத்தை ஒரு நிமிடம் பிந்தாமல் தொடங்குவார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நீர் புவியியல் ரீச்சர். ஊர் உடுப்பிட்டி, பள்ளிக்கூடத்துக்காகக் கொக்குவிலில் வாடகைக்கு இருந்தீர்.

உமது கணவர் காணாமற்போய் அப்போது ஒன்றரை வருடம். வேலை மாற்றம் கேட்டுக் கொழும்புக் கந்தோருக்குப் போவதற்காகக் கடல்நீரேரியில் வள்ளம் ஏறினார். அந்த வள்ளம் மறுகரை சேரவில்லை என்றார்கள் சிலர். சேர்ந்தது, வவுனியாவில் ஆளைக் கண்டோம் என்றார்கள் வேறு சிலர். நீர் பொட்டை எடுக்கவில்லை. அதைப் பற்றி யாரும் உம்மிடம் கேட்டதுமில்லை.

மின்சாரம் நின்ற மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். மாஸ்டர் எங்கிருந்தோ கோடு போட்ட கொப்பித் தாள் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஏழு காதல் கதைகளைப் புத்தகமாகப் போடலாம் என்று முடிவாயிற்று. எந்தக் கதையை எடுப்பது என்று பேசப்போகத்தான், காதல் கதை என்றால் என்ன என்பதே எங்களுக்குள் சரியாகவில்லை என்று தெரிந்தது. வீட்டில் சொன்னதைக் கேட்டு மணம் முடித்தவர்களின் கதை சேருமா? ஒருவர் மட்டும் விரும்பினால்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னோம். “முதலிலை வரையறை எழுதுவம். பிறகு கதையைப் பாப்பம்” என்றார் மாஸ்டர்.

அடுத்த சனிக்கிழமை நீர் ஒரு சின்னத் தாளோடு வந்தீர். மாஸ்டர் அதை எழுந்து நின்று வாசித்தார்.

“காதல் கதை என்பது ஒருவரையொருவர் விரும்பும் இருவரைப் பற்றியது. கதை முடியும்போது அந்த இருவரும் உயிரோடு, ஓரிடத்தில் இருக்க வேண்டும்.”

நான்தான் முதலில் எழும்பினேன். “அப்ப செத்துப்போன ஆக்களுக்குக் காதல் இல்லையோ?”

“இருக்கும். ஆனால் அது காதல் கதையில்லை. அதுக்கு வேறை பேர் வையும். ஒப்பாரி எண்டு வையும்” என்றீர்.

“இந்த மண்ணிலை இப்ப எழுதிற கதைக்குள்ளை சாவு வராமல் எப்பிடி?”

“சாவு எங்கையும் வருகுதுதானே. பேப்பரிலை வருகுது, றோட்டிலை வருகுது. ஒரு புத்தகத்துக்குள்ளையாவது அதை மறிச்சு வைப்பம். கடைசிப் பக்கம் வரைக்கும் பயப்பிடாமல் வாசிக்கலாம் எண்டு வாசிக்கிற ஆளுக்கு ஒரு வாக்குக் குடுப்பம்.”

“அது பொய்.”

“பொய்யில்லை. வாக்கு.”

சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளும் ஒரு வார்த்தையை அப்போது சொன்னேன். “உம்மடை சொந்தக் கதையை எங்கடை சங்கத்துக்கு விதியாக்காதையும்.”

நீர் என்னைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர். மாஸ்டர் அவசரமாக வாக்குக் கேட்டார். உமக்கு ஐந்து, எனக்கு ஐந்து. அவர் தன் வாக்கைப் போடவில்லை. “வந்த கதையளிலை ஒண்டை எடுத்து வைச்சுப் பாப்பம். எந்த விதி நிக்குதெண்டு தெரியும்” என்று, பையிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்தார்.

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு பெண் அனுப்பியிருந்த கதை. பெயர் பரமேஸ்வரி, எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. கதைக்குப் பெயர் ‘நாலு மணி’. புகையிலைத் தோட்டத்திலிருந்து கணவன் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வருவான். மனைவி தேத்தண்ணீர் ஊற்றி வைப்பாள். வேலி அடைப்பது, வாய்க்கால் வெட்டுவது, மழை வருமா வராதா என்று இரண்டு பேரும் கதைப்பார்கள். வேறொன்றும் நடக்காது. கடைசியில் அவன் எழுந்து போகிறான். கதை இப்படி முடிந்தது: “அவருடைய கோப்பையைத் தொட்டேன். இன்னும் சுட்டது.”

“குடிச்சிட்டு இப்பத்தான் போயிருக்கிறார். அதுதான் கோப்பை சுடுது” என்றீர் நீர்.

“குடிக்கவே இல்லை. வைச்ச தேத்தண்ணி வைச்சபடி கிடக்கு. அந்த ஆள் உயிரோடை இல்லை” என்றேன் நான்.

அரை மணி நேரம் பேசினோம். அந்தக் கோப்பையில் தேத்தண்ணீர் இருந்ததா இல்லையா என்று கதையில் ஓரிடத்திலும் இல்லை. கடைசியில் மாஸ்டர் களைத்துப்போனார். “எழுதின ஆளிட்டையே கேட்டால் என்ன? நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. ஒருத்தர் போய்ச் சொன்னால் மற்றவர் நம்பமாட்டார்.”

அப்படித்தான், கதையில் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்காக, நீரும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போனோம்.

மானிப்பாய் வரும் மட்டும் நாங்கள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அங்கே என் சைக்கிள் செயின் கழன்றது. நீர் இறங்கிவந்து, ஒரு குச்சியால் அதைக் கொழுவிவிட்டு, கையில் பட்ட கரியை வேலிக் கிளுவை இலையில் துடைத்தீர். “மன்னியும்” என்றேன். “செயினுக்கோ?” என்றீர். பிறகு சிரித்தீர். நான் அழுதுவிட்டேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. சின்னக் கல்வீடு, பின்னால் தோட்டம். புகையிலைப் போகம் இல்லாத காலம் என்பதால் மரக்கறிதான் நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். குங்குமப் பொட்டு, தலையில் ஒரு நந்தியாவட்டைப் பூ. சங்கத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“கதை பிடிச்சுதோ?”

“ஓம் அக்கா. ஒரு சந்தேகம் கேக்க வந்தனாங்கள். அந்தக் கணவன்...” என்று நீர் தொடங்கினீர்.

“இருங்கோ தங்கச்சி. இப்ப நாலு மணிக்கு வந்திடுவார். அவரிட்டையே கேளுங்கோவன்.”

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். வென்றுவிட்ட ஒரு பார்வை. எனக்கும் அதில் கோபம் வரவில்லை, ஆறுதலாகத்தான் இருந்தது.

உள் விறாந்தையில் நாலு கதிரைகள். நீர் சுவரோரக் கதிரையில் இருந்தீர். உமக்கு அடுத்த கதிரை வெறுமையாக இருந்தது. எதிரே நான். அக்கா தேத்தண்ணீரும் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்தார். நாலாவது கோப்பையை அந்த வெறும் கதிரைக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, வாசலை நிமிர்ந்து பார்த்து, “இவை சங்கத்திலையிருந்து வந்திருக்கினம்” என்றார்.

நானும் வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. முற்றத்தில் வெயில் கிடந்தது. ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

என்னைப் பெற்ற ஐயா தேவாலயத்தில் உபதேசியார். பேய் என்ற சொல்லையே வீட்டில் சொல்ல விடமாட்டார். நான் பயப்படவில்லை. பாவம், மனம் பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை உமக்குக் கண்ணால் காட்டுவதற்காகத் திரும்பினேன். அப்போதுதான் உமது கால்களைக் கண்டேன். யாரோ முன்னால் கடந்து போக வழி விடுவதுபோல, நீர் கால்களை உள்ளே இழுத்து, சீலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்தீர். அடுத்த கதிரையின் பிரம்பு ஒருமுறை கிறீச்சிட்டது. நீர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, வெகு சாதாரணமாகச் சொன்னீர்:

“ஓம், மானிப்பாய் றோட்டாலைதான் வந்தனாங்கள்.”

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விறாந்தையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்த கணம் நீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டீர். கேட்க வந்த கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை.

படலைக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி அடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் நான்தான் கேட்டேன், அக்காவின் கணவர் எங்கே என்று. அவர் கிடுகைக் கட்டிக்கொண்டே சொன்னார். “ரெண்டு வருஷம் பிள்ளை. தண்ணி கட்டிக்கொண்டு நிண்டவர், தோட்டத்துக்குள்ளை ஆமி அடிச்ச செல் விழுந்தது. நாங்கள்தான் தூக்கினனாங்கள்.”

திரும்பும் வழியில் மானிப்பாய் தாண்டும் மட்டும் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். “நீர் ஆருக்குப் பதில் சொன்னனீர்?”

“அந்த ஆளுக்கு. எந்த றோட்டாலை வந்தனீங்கள் எண்டு கேட்டாரெல்லோ.”

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

நீர் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தவில்லை. “உமக்குக் கேக்காதது நல்லது” என்று மட்டும் சொன்னீர்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் எங்களைக் கேட்டார். “என்ன சொன்னா? ஆள் இருக்கிறாரோ இல்லையோ?”

“இல்லை” என்றேன் நான். “இருக்கிறார்” என்றீர் நீர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

நான் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு விறாந்தையில் நடந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. கொட்டில் முழுவதும் உம்மைப் பார்த்தது. நீர் மறுக்கவில்லை. மாஸ்டர் உமது வரையறைத் தாளை எடுத்து விரித்தார். அவர் நல்ல மனுஷன். இரண்டு பக்கமும் தோற்கக்கூடாது என்று நினைத்திருப்பார். பென்சிலை எடுத்து ஒரு சொல்லின் மேல் கோடு கீறினார்.

“இப்பிடி வைச்சால் என்ன? ‘கதை முடியும்போது அந்த இருவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.’ உயிரோடை எண்டது வேண்டாம். அந்தப் பிள்ளையின்ரை கதையும் சேரும். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.”

எல்லோருக்கும் பெரிய ஆறுதல். நீர் மட்டும் எழுந்து நின்றீர்.

“மாஸ்டர், அதை வெட்டாதையுங்கோ. அந்தக் கதையை வேணுமெண்டால் விட்டிடுவம். அந்தச் சொல்லை எடுத்தால் ஆர் வேணுமெண்டாலும் வரலாம்.”

“எங்கை பிள்ளை வரலாம்?”

மாஸ்டர் கைகளை உயர்த்தச் சொன்னார். ஐந்து கைகள் உயர்ந்தன. நீர் என்னைப் பார்த்தீர். வேறு ஒருவரையும் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் கண்டவள், உம்மோடு போனவள். ஆனால் அந்தச் சொல்லுக்கு எதிராக முதலில் எழும்பியதும் நான்தான். அது விழுவதைப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது. என் கையும் உயர்ந்தது. ஆறு.

புத்தகம் வந்தது. கொப்பித் தாளின் நீலக் கோடுகளுக்கு மேலே எழுத்து விழுந்து, வாசிக்கக் கண் நோகும். ‘நாலு மணி’ நாலாவது கதை. முதற்பக்கத்தில் எங்கள் வரையறை.

அதன்பின் நீர் கூட்டங்களுக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து நான் கொக்குவிலுக்கு வந்தேன். மூன்றரை மணி இருக்கும். உள்ளே காலடி வைத்ததும் ஒரு மணம். சாதாளை மணம். கடற்கரையில் ஒதுங்கி, வெயிலில் கிடந்து அழுகுமே, அந்தக் கடற்புல்லின் மணம். கொக்குவிலில் கடலும் இல்லை, நீரேரியும் இல்லை.

“மணக்குதோ?” என்று கேட்டீர்.

“ஓம்.”

“உமக்கும் மணக்குதெண்டால் நல்லது. எனக்குத் தலை பிழைக்கேல்லை.”

முன்வாசலுக்கு ஒரு பழைய சீலையைத் திரையாகக் கட்டியிருந்தீர். மேசையைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தீர். நாலு மணிக்கு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருப்பதாகச் சொன்னீர்.

“அண்டைக்கு அந்த வீட்டிலை நான் பதில் சொல்லியிருக்கக்கூடாது. கேட்டுது, வாய் சொல்லிப்போட்டுது. அதோடை அந்தக் காது எனக்குத் திறந்துபோச்சு. இப்ப நாலு மணிக்கு வாசலிலை வந்து நிக்கிறார்.”

“ஆர்?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன.

“உள்ளுக்கை வாறதில்லை. கூப்பிடவேணும் எண்டு நிக்கிறார். நான் திரும்பிப் பாக்கிறதில்லை.”

“ஏன்? சண்டிலிப்பாய் அக்கா சந்தோஷமாத்தானே...”

நீர் பேனையை மூடி வைத்தீர். “அந்த அக்காவுக்கு ஆள் செத்தது தெரியும். எனக்குத் தெரியாது. உயிரோடை இருக்கிற ஆள் இப்பிடி வரமாட்டார். படலையைத் திறந்து, சைக்கிள் மணி அடிச்சு வருவார். நான் திரும்பிப் பாத்தனெண்டால், அவர் இல்லையெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. வவுனியாவிலை கண்டவையும் இருக்கினமெல்லோ.”

நாலு மணியாயிற்று. நீர் சொன்னீர், நான் வாசலைப் பார்த்து இருக்கவேண்டும் என்று. பார்த்ததை உண்மையாகச் சொல்லவேண்டும் என்று. நான் பார்த்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. வேலியில் ஒரு இலை அசையவில்லை. வாசல் திரை மெதுவாக உள்பக்கம் புடைத்து வந்தது. மேலே தோள் அளவு, கீழே முழங்கால் அளவு. அப்படியே நின்றது. மூச்சு விடுவதுபோல மிகக் கொஞ்சமாக அசைந்தது. திரையின் கீழ்விளிம்பு ஊறிக் கறுத்து, நிலத்தில் ஒரு துளி விழுந்தது.

“என்ன?” என்று கேட்டீர். முதுகு நிமிர்ந்திருந்தது.

“ஒருத்தரும் இல்லை” என்றேன்.

நீர் மூச்சை விட்டீர். “நல்லது” என்று அடுத்த கொப்பியை எடுத்தீர். அது பொய் என்று உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அது பொய்யில்லை, வாக்கு என்று நீர் முன்பு சொன்னதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடங்கள். நான் முடிந்த நாட்களில் வருவேன். முடியாத நாட்களில் நீர் தனியே இருந்திருப்பீர். அந்த இரண்டு வருடங்களில் நீர் மூன்று கதைகள் எழுதினீர். மூன்றிலும் கடைசி வரியில் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அவற்றை வாசித்த அளவுக்கு நான் வேறு எதையும் திரும்பத் திரும்ப வாசித்ததில்லை. ஒருமுறை கேட்டேன், களைக்கவில்லையா என்று. “கதவைப் பூட்டவும் ஏலாது, திறக்கவும் ஏலாது. அதுதான் களைப்பு” என்றீர்.

பிறகு தொண்ணூற்றைந்து. மழை தொடங்கியிருந்தது. ஆமி வருகிறது, வலிகாமப் பகுதி முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போயிற்று. என் அம்மாவை முதல் நாளே மாமா கூட்டிக்கொண்டு போயிருந்தார். நான் சைக்கிளில் இரண்டு பைகளைக் கொழுவிக்கொண்டு உம்மிடம் வந்தேன். றோட்டில் சனம் அசையாமல் அசைந்துகொண்டிருந்தது. நீர் பையைக் கட்டிவிட்டு, வீட்டின் நடுவில் நின்றீர்.

“நேரம் என்ன?”

“நாலுக்கு அஞ்சு நிமிஷம் கிடக்கு. வாரும், இருட்டுக்கு முதல் நீரேரிப் பாலத்தைத் தாண்டவேணும்.”

“கொஞ்சம் நில்லும்.”

பின்கதவைப் பூட்டினீர். கதிரையை எடுத்து, வாசலைப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்தீர். இரண்டு வருடத்தில் முதன்முறையாக. என்னிடம் சொன்னீரா, உமக்கே சொன்னீரா தெரியாது: “இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். நான் சொல்லாமல் போனால் அவர் நெடுக வந்து வந்து நிப்பார்.”

திரை புடைத்தது. இம்முறை நான் அதைப் பார்க்கவில்லை. உமது முகத்தைப் பார்த்தேன். பயம் இருக்கவில்லை. வெகுநாள் நோய் வருத்தத்தில் கிடந்து எழும்பின ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்.

“மெலிஞ்சு போனீங்கள்” என்றீர்.

பிறகு சீலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தீர். பொட்டு ஒரு சிவப்புக் கோடாக இழுபட்டு, மறுமுறை துடைக்கப் போய்விட்டது. எழுந்து, திரையை விலக்கி, “வாங்கோ, போவம்” என்றீர். என்னிடம் அல்ல.

அந்த றோட்டை நடந்தவர்களுக்குத்தான் தெரியும். தோளோடு தோள், சைக்கிளோடு சைக்கிள். ஒரு கையை உயர்த்தினால் திரும்ப இறக்க இடமில்லை. நான் உமக்கு வலப்பக்கம். பல தடவை நான் நெரிபட்டு உம்மேல் விழப் பார்த்தேன். ஆனால் உமக்கு இடப்பக்கம், ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் வெறுமையாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதற்குள் வரப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஏதோ தட்டியதுபோல விலகி, வேறு பக்கத்தால் போனார்கள். ஒரு கிழவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, “தம்பி, கொஞ்சம் விலத்தும்” என்றார். மழை எல்லாவற்றின் மேலும் பெய்தது. நீர் ஒருதரம்கூட இடப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாதவர்கள் நடப்பதுபோல நடந்தீர்.

கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அரை வகுப்பறை கிடைத்தது. மூன்றாவது கிழமை உமக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை, இருந்த இடத்தில் வரிசை. நான் ஈரத்துணியை நனைத்து நனைத்துப் போட்டேன். நெருப்பாகக் கொதித்த உடம்போடு நீர் கண்ணைத் திறந்து, அந்தச் சங்கத்து விஷயத்தைத்தான் எடுத்தீர்.

“மாஸ்டர் வெட்டினது சரிதான் போலை. அந்தச் சொல் தேவையில்லை. ஓரிடத்திலை இருந்தால் காணும்.”

“இல்லை” என்றேன். “நீர் முதல் எழுதினதுதான் சரி. நான்தான் பிழை. உயிரோடை இருக்கவேணும். நீரும் இருக்கவேணும்.”

நீர் சிரிக்கப் பார்த்தீர். “இப்பவும் எனக்கு எதிர்.”

“ஓம், எதிர்தான்.”

“சரி. அப்ப என்ரை பழைய பக்கத்தை நீர் எடுத்துக்கொள்ளும். நான் உம்மடை பக்கம் போறன். எப்ப வாக்கெடுத்தாலும் உமக்கு எதிராத்தான் கை தூக்குவன்.”

அதுதான் நீர் என்னோடு கதைத்த கடைசிக் கதை. அடுத்த நாள் பின்னேரம் போய்விட்டீர். உமது இடக்கை, எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது. நான் அதை விரிக்க விடவில்லை.

ஊர் திரும்பி வந்த பிறகு சண்டிலிப்பாய்க்கு ஒருமுறை போனேன். கூரை இல்லை. அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல ஆளும் இல்லை. எங்கள் புத்தகத்தில் ஒரு பிரதிகூட எவரிடமும் மிஞ்சவில்லை.

என்னிடம் மிஞ்சியது உமது பக்கம்தான். அதைத்தான் இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். எந்தச் சங்கத்தில் காதல் கதைப் பேச்சு வந்தாலும் எழுந்து, கடைசி வரியில் இருவரும் உயிரோடு இருக்கவேண்டும் என்று வாதாடுகிறேன். இளம் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்கிறார்கள். கிழவிக்கு முடிவு நல்லாக இருக்கவேண்டும்போல என்று நினைப்பார்கள். ஏன் என்று கேட்டால், வாசிக்கிற ஆளுக்குக் கொடுக்கிற வாக்கு என்கிறேன். அதற்கு மேல் சொல்ல வருவதில்லை.

போன மாதமும் ஒரு வாக்கெடுப்பு. ஒரு சின்னச் சங்கம். பரிசுப் போட்டிக்கு விதி எழுதுகிறார்கள். மண்டபத்தில் என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். ‘உயிரோடு’ என்ற சொல் வேண்டும் என்றவர்கள் கை உயர்த்தச் சொன்னார் செயலாளர், ஒரு கெட்டிக்காரப் பெண். என் கை மட்டும் உயர்ந்தது. பிறகு வேண்டாம் என்றவர்களின் கைகளை விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். எண்ணி முடித்து, தாளில் எழுதி, வாசித்தார்.

“ஆதரவு ஒன்று. எதிர்ப்புப் பதின்மூன்று.”

ஒன்று கூடிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வீட்டுக்கு நடந்ததில்லை.